மோனோவையில் இருப்பது ஒருவரா, இருவரா?

தேனிக்காரன்: நேற்று இங்கே ஒருவர், "அமெரிக்காவின் நெப்ராஸ்கா மாநிலத்தில் மோனோவை என்று ஓர் ஊர், ஒரே ஒரு பாட்டிதான் குடியிருக்கிறார், மக்கள்தொகை 1" என்று எழுதியிருந்தார். ஆளாளுக்குக் கைதட்டல் வேறு. 2020 கணக்கெடுப்பில் 2 என்று இருக்கிறதே, யாருமே பார்க்கவில்லையா?

வட்டக்கிணறு: ஒருவர் என்ன ஒருவர், நான்தான் எழுதினேன். பெயரைச் சொல்லியே திட்டுங்கள். 2000இல் எல்சி ஐலர், அவர் கணவர் ரூடி என இரண்டு பேர். 2004இல் ரூடி இறந்துவிட்டார். 2010இல் 1. இதில் என்ன சந்தேகம்?

தேனிக்காரன்: நான் கேட்டது 2020.

மழைக்குருவி: அந்த இரண்டாவது ஆள் கணினி போட்ட ஆள், ஐயா. ஒரே ஒருவர் இருக்கும் ஊருக்கு வயது, இனம் என்று அச்சிட்டால் அது அந்த அம்மாவின் சொந்த விவரம்தானே? அதை மறைக்கத்தான் 2020இல் சின்ன ஊர்களின் எண்ணிக்கையைக் கொஞ்சம் கூட்டியும் குறைத்தும் வெளியிட்டார்கள். மாநில மொத்தத்தில் மட்டும் கை வைக்கவில்லை. அந்த அம்மாவே நிருபர்களிடம், யாரந்த இன்னொருவர் என்று கேட்டார்.

தேனிக்காரன்: ஓஹோ, அரசாங்கம் போட்ட எண் தப்பு, குருவி சொல்வது சரி. அச்சில் இருப்பது 2.

சுள்ளான்: மேயர் அவர், செயலாளர் அவர், பொருளாளர் அவர். தன் மதுக்கடைக்குத் தானே உரிமம் கொடுத்துக்கொள்வார். ஊரின் நாலு தெருவிளக்குக்காகத் தன்னிடமே வரி வாங்குவார். எங்கள் ஊராட்சியில் தீர்மான நோட்டில் கையெழுத்து வாங்கவே வீடு வீடாக அலைகிறார்கள்!

பொன்னி: எண்ணிக்கொண்டே இருங்கள். 1930களில் அங்கே 150 பேர் இருந்தார்கள். 1967இல் அஞ்சலகம் போனது, 1974இல் பள்ளிக்கூடம் போனது. விவசாயத்தில் பிழைப்பில்லாமல் இளையவர்கள் கிளம்பிவிட்டார்கள். மிச்சம் இருந்தது அந்தக் கடைதான். சுற்றுவட்டாரப் பண்ணைக்காரர்கள் வந்து சாப்பிட்டு, ஊர்க்கதை பேசிவிட்டுப் போவார்கள். பக்கத்திலேயே சின்னக் கொட்டகையில் ரூடி சேர்த்த 5,000 புத்தகங்கள், நூலகமாக. அதைப் பற்றி ஒருவருக்கும் பேச்சில்லை.

சுள்ளான்: போன மாதம் டாஸ்மாக்கை மூடச் சொல்லி பத்து பத்தி எழுதியவர் இப்போது மதுக்கடைக்கு ஆரத்தி எடுக்கிறார்.

பொன்னி: பத்து பத்தியும் படித்தீர்களா? அப்போதே பதில் சொல்லியிருக்கலாமே. நான் எழுதியது பள்ளி வாசலில் இருக்கும் கடையைப் பற்றி. படிக்காமலே பேசுவது உங்களுக்குப் புதிதா என்ன.

தேனிக்காரன்: டாஸ்மாக் சண்டையைத் தனியாக வைத்துக்கொள்ளுங்கள். 2020. 2.

வட்டக்கிணறு: நம் நாட்டில் 2021இல் எடுக்க வேண்டிய கணக்கையே எடுக்கவில்லை, 2011 எண்ணை வைத்து ஓட்டிக்கொண்டிருந்தோம். இவருக்கு நெப்ராஸ்காவில் ஒரு தலை கூடிப்போனதுதான் கவலை.

தேனிக்காரன்: பதில் இல்லை என்றால் இந்தியாவுக்கு ஓடிவருவது உங்கள் வழக்கம். தாமிரபரணி விவாதத்திலும் இதையேதான் செய்தீர்கள்.

வட்டக்கிணறு: அதில் ஓடிப்போனது நீங்கள். இழை இன்னும் அப்படியே இருக்கிறது, போய்ப் பாருங்கள்.

மழைக்குருவி: எண்ணில் ஏன் மாற்றம் செய்தார்கள் என்று இன்னொரு முறை சொல்லட்டுமா?

தேனிக்காரன்: வேண்டாம். புது இழை தொடங்குகிறேன். தலைப்பிலேயே 2 என்று போடுவேன், அங்கே வாருங்கள்.

சுள்ளான்: பொன்னியக்கா, பள்ளி வாசல் என்று எந்தப் பத்தியில் இருக்கிறது? தேடிக்கொண்டிருக்கிறேன்.