ஒரு கிலோ தக்காளியைப் பங்கு போட்ட நாள்

வடசென்னை வாசி:
2023 ஜூலை. வெளியே தக்காளி 100 ரூபாயைத் தாண்டிவிட்டது, ரேஷன் கடையில் 60. ஆளுக்கு ஒரு கிலோ. எனக்கு முன்னால் நின்ற அம்மா கையில் 30 ரூபாய்தான். "நாம பாதிப் பாதி எடுத்துக்கலாம்மா" என்றேன். திண்ணையில் கொட்டிப் பிரித்தோம். பழுத்ததையெல்லாம் என் பக்கம் தள்ளிவிட்டுச் செங்காயாகவே பொறுக்கினார். எனக்காக விட்டுக்கொடுக்கிறார் என்று நினைத்தேன். "இதுதான் ஒரு வாரம் தாங்கும் கண்ணு, குழம்புக்கு ஒண்ணுன்னு போடுவேன்" என்றார். இன்றும் தக்காளி நறுக்கும்போது அந்தக் குரல் கேட்கிறது.

மதுரைக்காரன்:
ரேஷனில் தக்காளி கிடைப்பது விலை ஏறும்போது மட்டும்தான். ஏழைக்கு நிரந்தரமாக உதவுவது உழவர் சந்தை. 1999 நவம்பர் 14 அன்று முதல் சந்தை எங்கள் மதுரை அண்ணா நகரில்தான் திறந்தது. இடைத்தரகர் கிடையாது, விளைவித்தவரே விற்பார், அன்றைய விலை பலகையில் இருக்கும். அந்தப் பலகையைப் பார்த்துவிட்டுப் பேரம் பேசாமல் அப்பா பையை நீட்டியதை அங்கேதான் முதன்முதலில் பார்த்தேன்.

கூறு வாங்கியவள்:
மதுரை அண்ணா, உங்கள் அப்பாவுக்குக் காலையில் நேரம் இருந்தது. என் அம்மா ஐந்தரைக்கே வீட்டு வேலைக்குப் போய்விடுவார். சந்தையில் நல்ல காய் முடிந்த பிறகுதான் திரும்புவார். எங்களுக்கு எப்போதும் சாயங்காலத் தள்ளுவண்டிதான், கூறு பத்து ரூபாய். அழுகலை வெட்டி எறிந்தால் பாதி மிஞ்சும். அப்போ அது மலிவா? பழம் என்றால் காய்ச்சல். சாத்துக்குடி வந்த அன்று, "யாருக்கும்மா உடம்பு சரியில்லை?" என்று தம்பி கேட்டான். யாருக்கும் ஒன்றும் இல்லை. அன்று அம்மாவுக்குப் போனஸ் கொடுத்திருந்தார்கள். உடனே அவன் தோலைக்கூட விடாமல் மோந்துகொண்டே இருந்தான்.

கொல்லைத் தோட்டம்:
எங்கள் தெருவில் ஒரு குழந்தை கொய்யாவுக்காகச் சுவரேறி விழுந்தது. அன்றிலிருந்து பழத்தைப் பறித்துக் கூடையில் வாசலில் வைக்கிறேன். இடம் இருப்பவர்கள் ஒரு முருங்கைக் கொம்பு நடுங்கள், விதைகூட வேண்டாம், கொம்பே துளிர்க்கும். பப்பாளி ஒரு வருடத்துக்குள் காய்க்கும், வேரில் தண்ணீர் மட்டும் தேங்கக் கூடாது. சிறுகீரை விதைத்தால் மூன்று நான்கு வாரத்தில் பறிக்கலாம், பழைய சாக்குப் பையே போதும். அப்புறம், சந்தைக்குப் போகிறவர்கள் பக்கத்து வீட்டு அக்காவிடம் பையும் காசும் வாங்கிக்கொண்டு போங்கள். வேலைக்குப் போகிறவர்களுக்கும் காலை விலையில் காய் கிடைக்கும். முருங்கைக் கொம்பு வேண்டுமென்றால் கேளுங்கள், ஆடியில் வெட்டுவேன்.

கூறு வாங்கியவள்:
நாங்கள் இருப்பது மூன்றாவது மாடி, தண்ணீர் குடத்தில் ஏறுகிறது. ஆனால் அந்தப் பை யோசனை நல்லது. எங்கள் மாடியில் கேட்டுப் பார்க்கிறேன்.