லீவு முடிய 18 நாள்தான், என் வீட்டுக்காரர் தூங்கவே மாட்டேன் என்கிறார்

ஊர் வேலூர் மாவட்டம், கணியம்பாடி பக்கம். அவருக்கு வயது 34, ராணுவத்தில் 14 வருடம், கடைசி இரண்டு வருடம் காஷ்மீரின் குப்வாராவில். போன மார்ச்சில் ரோந்தில் கூட நடந்தவர் கண்ணிவெடியில் போய்விட்டார். அதிலிருந்துதான் இப்படி.

ராத்திரி இரண்டு மணிக்கு எழுந்து தாழ்ப்பாள், ஜன்னல் கொக்கி எல்லாவற்றையும் தொட்டுப் பார்க்கிறார். அப்புறம் டார்ச்சைக் கையில் பிடித்தபடி விடியும் வரை திண்ணையில், சுவரில் முதுகு ஒட்டி உட்கார்ந்திருக்கிறார். குக்கர் விசில் அடித்தால் சட்டென்று குனிகிறார். மகள் பின்னால் வந்து கட்டிப்பிடித்தபோது தள்ளிவிட்டு, அவரே அழுதார்.

உள்ளூர் டாக்டரின் தூக்க மாத்திரை ஒரு வாரம்தான் கேட்டது. அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416-க்கு நானே பேசினேன், மனநல மருத்துவரைப் பாருங்கள் என்றார்கள். பார்த்தோம். பி.டி.எஸ்.டி. (கொடூரமான அனுபவத்துக்குப் பின் வரும் மனஅழுத்த நோய்) என்று சொல்லி மாத்திரையும் எழுதினார். சீட்டை இவர் ஒளித்து வைத்துவிட்டார். யூனிட்டுக்குத் தெரிந்தால் ராணுவத்தின் உடல்தகுதி அளவீடான ஷேப் தரத்தில் மனநலத்தைக் குறிக்கும் ‘எஸ்’ இறங்கிவிடும், வேலை போய்விடும் என்ற பயம். ராணுவ மருத்துவமனைக்கும் வர மறுக்கிறார்.

ராணுவ மருத்துவமனையிலேயே மனநல சிகிச்சை எடுத்து, தரம் தற்காலிகமாகக் குறைந்து, பிறகு முழுத் தகுதியோடு பணியைத் தொடர்ந்தவர்கள் யாராவது அவரிடம் ஐந்து நிமிடம் பேச முடியுமா?