இலங்கை யுத்தத்திலிருந்து வந்த பாப்டிஸ்ட் விசுவாசிகளோடு பழகியவர்கள் எழுதுங்கள்

உறையூர்வாசி:
திருச்சி கொட்டப்பட்டு அகதி முகாம் பெரியவர் ஒருவர் இன்னும் என் மனசை விட்டுப் போகவில்லை. மாத்தளைத் தோட்டத்து பாப்டிஸ்ட் குடும்பம். 1977 கலவரத்தில் வவுனியாவுக்கு ஓட்டம், 1990-இல் சண்டை மறுபடி மூண்டதும் படகேறி மண்டபம், அப்புறம் திருச்சி. இரண்டு தடவையும் முழுக்கு ஞானஸ்நானத்துக்கு நாள் குறித்திருந்த நேரத்தில்தான் ஊரை விட்டுக் கிளம்பினாராம். முழுக்கு எடுக்காதவர் என்பதால், எங்கள் சபையில் திருவிருந்து அப்பத் தட்டு வந்தால் தான் எடுக்காமல் பக்கத்தில் இருப்பவருக்கு நகர்த்திவிடுவார்.

முகாமில் செக்கிங் இல்லாத நாளாகப் பார்த்துக் காவிரிக்குக் கூட்டிப் போனோம். போதகர் இடுப்பளவுத் தண்ணீரில் நிற்கிறார். பெரியவர் வேட்டி மடிப்பிலிருந்து, பிளாஸ்டிக் கவரில் சுற்றிய முகாம் அட்டையை எடுத்து, "கீழ வச்சிராதீங்க தம்பி, கையிலயே வச்சிருங்க" என்று என்னிடம் கொடுத்தார். முங்கி எழுந்து முகத்தைத் துடைத்ததும் அவர் கண் தேடியது என் கையைத்தான்.

தரங்கம்பாடி லுத்தரன்:
இதற்காகத்தான் நாங்கள் ஞானஸ்நானத்தைக் குழந்தையிலேயே கொடுத்துவிடுகிறோம். எங்கள் தெருவில் தங்கிய அகதி அக்காவிடம் மிஞ்சியது மகனின் ஞானஸ்நானச் சீட்டு ஒன்றுதான். மற்றதெல்லாம் வீட்டோடு எரிந்துவிட்டது. பெரியவரை அத்தனை வருஷம் அப்பத்துக்கு ஏங்க வைத்தது நியாயமா?

உறையூர்வாசி:
ஐயா, யாரும் அவரைத் தடுக்கவில்லை. விசுவாசித்தவன் தானே இறங்க வேண்டும் என்பதுதான் எங்கள் உயிர்நாடி. 1812-இல் பாப்டிஸ்ட் மிஷனரி ஜேம்ஸ் சேட்டர் கொழும்புக்கு வந்த காலம் தொட்டு அங்கேயும் அப்படித்தான். அதைத் தெரிந்துதான் அவர் காத்திருந்தார்.

கும்பகோணம் அக்கா:
எங்கள் ஜெபக்கூட்டத்துக்கு வரும் முல்லைத்தீவுப் பெண், தீபாவளி வெடிச் சத்தம் கேட்டால் பாட்டை நிறுத்தாமலே தரையோடு குனிந்துவிடுவாள். பதுங்கு குழியில் பாடிப் பழகினவள்.

சபைக்காரர்களுக்கு ஒன்று சொல்கிறேன். ஞானஸ்நானத்துக்குக் கொள்ளிடம் வேண்டாம். உபரித் தண்ணீர் வந்தால்தான் அதில் ஓட்டம் இருக்கும், மணல் அள்ளிய பள்ளம் எங்கே இருக்கிறதென்று மேலே தெரியாது. ஜூன் 12 மேட்டூர் திறந்து தண்ணீர் வந்து சேர்ந்த பிறகு, காவிரியில் படித்துறை உள்ள இடமாகப் பாருங்கள். பதிவேட்டில் பெயரை மட்டும் எழுதி முடித்துவிடாதீர்கள். பெற்றோர் பெயர், பிறந்த தோட்டம், தாத்தா எந்த ஊரிலிருந்து கப்பலேறினார் என்பது வரை எழுதுங்கள். தோட்ட வேலைக்கு இலங்கை போனவர்களின் வாரிசுகளான மலையகத்தார் பலருக்கு, 1964 சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தப்படி கிடைக்க வேண்டிய இந்தியக் குடியுரிமையே இன்னும் இழுபறியில் கிடக்கிறது. பூர்வீகத்தைக் காட்ட ஒரு தாள் கூடுதலாக இருக்கட்டும். நகல் ஒன்றை அவர்கள் கையிலும் கொடுத்துவிடுங்கள்.