இரண்டாகக் கிழித்துப் படித்த ராஜேஷ்குமார்

துப்பறியும் கதை எழுதுகிற ராஜேஷ்குமார் கோயம்புத்தூர்க்காரர், ஆனால் அவர் பெயரைக் கேட்டால் எனக்கு மும்பைதான் ஞாபகத்துக்கு வரும். சயான் கோலிவாடாவில் எங்கள் அறையில் ஐந்து பேர். அவர் கதை வரும் 'க்ரைம் நாவல்' மாத இதழ், ஊருக்குப் போய்த் திரும்புகிறவன் பையில்தான் வந்து சேரும். கோவை ஸ்டேஷனில் வாங்கி, குர்லா எக்ஸ்பிரஸ் சேலம் தாண்டுவதற்குள் அவன் முடித்திருப்பான். முடித்தவன் சும்மா இருக்க வேண்டுமே, கொலைகாரன் பெயரைச் சொல்லிவிடுவேன் என்று மிரட்டியே டீ வாங்கிக் குடிப்பான்.

ஒரு புத்தகத்துக்கு நாலு பேர் காத்திருப்பது நடக்கிற காரியமா? சாணித்தாள், ரெண்டே பின். முதுகோடு கிழித்து ஆளுக்குப் பாதியாக எடுத்துக்கொண்டு ஹார்பர் லைன் ரயிலில் ஏறிவிடுவோம். பின்பாதி கிடைத்தவன் பாடு திண்டாட்டம். ராஜேஷ்குமார் கதை எப்படிப் போகும் என்று தெரியும்தானே: ஒரு அத்தியாயத்தில் துப்பறிகிற விவேக், அவர் மனைவி ரூபலா, அடுத்ததில் வேறு ஊர், வேறு ஆட்கள், இதற்கும் அதற்கும் என்ன சம்பந்தம் என்றே பிடிபடாது, கடைசியில்தான் ரெண்டும் முட்டும். பின்பாதிக்காரனுக்கு முட்டுவது தெரியும், ஏன் என்று தெரியாது. ராத்திரி சாப்பிடும்போது "டேய், அந்த ஊட்டிப் பொண்ணு யாருடா?" என்று ஆரம்பிப்பான். முன்பாதிக்காரன் லேசில் சொல்ல மாட்டான், பாத்திரம் கழுவினால் சொல்கிறேன் என்பான்.

இதிலேயே எங்களுக்கு ஒரு அளவுகோலும் கிடைத்துவிட்டது. பின்பாதி படித்தவன் முன்பாதிக்காக அலைந்தால் நல்ல நாவல். எதுவும் கேட்காமல் போர்த்திக்கொண்டு தூங்கிவிட்டால் அந்த மாதம் அவ்வளவுதான். 1500-க்கும் மேல் எழுதியவரிடம் எல்லாமே முதல் ரகமாக இருக்காது, சரி. சுமாரானவற்றில் கடைசி ரெண்டு பக்கத்தில் யாராவது நின்று மொத்தக் கதையையும் மூச்சுவிடாமல் ஒப்பிப்பார்கள், அந்த ரெண்டு பக்கம் மட்டும் போதும். நல்லவற்றில் முடிவு தெரிந்த பிறகும் முதல் அத்தியாயம் இழுக்கும், முடிச்சை அங்கேயே போட்டிருப்பார்.

இன்னொரு க்ரைம் எழுத்தாளர் பட்டுக்கோட்டை பிரபாகரிடம் இந்தச் சோதனை செல்லாது. அவருடைய துப்பறியும் ஜோடி பரத்தும் சுசீலாவும் அடிக்கிற அரட்டைக்காகவே படிக்கிறோம், எந்தப் பாதி கிடைத்தாலும் லாபம்தான்.

இப்போது எங்கள் மாடியில் ஒரு பெண், இங்கேயே பிறந்து வளர்ந்தவள், தமிழ் பேசுவாள், படிக்க வராது. ப்ளாஃப்ட் பதிப்பகம் 2008-ல் ஆங்கிலத்தில் கொண்டுவந்த தமிழ் பல்ப் (மலிவு விலை ஜனரஞ்சக) கதைத் தொகுப்பில் ராஜேஷ்குமாரைப் பிடித்துக்கொண்டாள். அப்பாவை நச்சரித்து ஒரு விவேக் நாவலை வாய்விட்டுப் படிக்கச் சொல்லிக் கேட்டிருக்கிறாள். அவர் அத்தியாயம் முடியும் இடத்தில் சரியாக நிறுத்திவிட்டுக் காய்கறி வாங்கக் கிளம்பிவிடுவாராம், அதில் வீட்டில் ஒரே சண்டை.

என்னிடம் வந்து அவள் சொன்னது வேறு: "அங்கிள், ரூபலாவுக்கு சொந்தமா வேலையே கிடையாதா? எப்பப் பாரு புருஷன் கேஸ் பின்னாடியே போறாங்க!" எனக்கு வாயடைத்துப் போயிற்று, ஐந்து ஆம்பிளைகள் இருந்த அறையில் இதை ஒருத்தனும் கேட்டதில்லை. அடுத்து, குறும்பு வாசகம் எழுதிய டி-ஷர்ட்டோடு வரும் சுசீலாவின் கதையைக் கொடுக்கலாம் என்றிருக்கிறேன், சுசீலாவைப் பற்றி என்ன சொல்கிறாளோ பார்ப்போம்.