காவல்துறை மீதான புகார்: மறுபரிசீலனை மனு எழுத உதவி தேவை

இங்கிலாந்தில் இருக்கிறோம். பிப்ரவரியில் என் தங்கையைத் தெருவில் நிறுத்திச் சோதனை போட்டார்கள். முக்காடு அணியும் தமிழ் முஸ்லிம் பெண் அவள். எல்லோரும் பார்க்க முக்காட்டைக் கழற்றச் சொன்னவர் ஓர் ஆண் அதிகாரி. மத நம்பிக்கைக்காக அணிவதை மறைவான இடத்தில் கழற்ற விட வேண்டும் என்று காவல்துறையின் விதித்தொகுப்பே சொல்கிறது.

சோதனைப் பதிவின் நகல் கிடைத்துவிட்டது. அதிகாரி அணிந்திருந்த கேமராவின் காட்சியைக் கேட்டோம், இன்னும் வரவில்லை. புகாருக்கு வந்த பதில்தான் மனதைப் புண்படுத்துகிறது. வெள்ளைக்காரப் பெண்களையும் நிறுத்துகிறார்களாம், அதனால் இனப் பாகுபாடு இல்லை. ஆண்களின் தொப்பியையும் கழற்றச் சொல்கிறார்களாம், அதனால் பாலினப் பாகுபாடும் இல்லை. அப்படியென்றால் இனம், மதம், பெண் என்ற மூன்றும் சேர்ந்த அவளுக்கு நடந்ததை யார் பார்ப்பது?

2010 சமத்துவச் சட்டத்தின் 14ஆம் பிரிவு இரண்டு அடையாளங்களைச் சேர்த்துப் பார்க்க வழி சொல்கிறது, ஆனால் அது நடைமுறைக்கே கொண்டுவரப்படவில்லை. இலவசச் சட்ட ஆலோசனையிலும் அதற்கு மேல் வழி சொல்லவில்லை. மறுபரிசீலனை கேட்க 28 நாள்தான் அவகாசம்.

இப்படிப் பிரித்துப் பார்த்து நிராகரித்த புகாரை, ஒரே பாகுபாடாகப் பார்க்க வைக்கும்படி மறுபரிசீலனை மனுவை எப்படி எழுதுவது?