மாசியில் சிதம்பரம், கும்பகோணம், தஞ்சாவூர்: நாலு பேர், 15,000 ரூபாய், கார் இல்லாமல் முடியுமா?

பல்லாவரம் வாணி

வணக்கம். பொங்கல் கூட்டம் ஓய்ந்த பிறகு, பையனுக்கு ஆண்டுத் தேர்வு நெருங்குவதற்குள் மூன்று நாள் வெளியூர் போய்வர எண்ணம். நான், கணவர், மாமியார் (67), மகன் (9). எல்லாம் சேர்த்து 15,000 ரூபாய்க்குள் முடியணும். கார் கிடையாது. மலை வேண்டாம், அத்தைக்கு முட்டி வலி. ஏதாவது ஒரு விழாவைப் பார்க்கணும், அந்தந்த ஊர்ச் சாப்பாட்டை அந்தந்த ஊரிலேயே சாப்பிடணும். அத்தை சைவம்.

சிதம்பரம் நாட்டியாஞ்சலியைச் சுற்றி யோசிக்கிறோம். சிவராத்திரி அன்றே போனால்தான் நல்லதா? எந்த ஊரில் தங்குவது? ரயிலா, பஸ்ஸா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

டெல்டா வாசி

சிவராத்திரி அன்று போகாதீங்க மேடம். நாட்டியாஞ்சலி அன்றைக்குத் தொடங்கி ஐந்து நாள் நடக்கும். 1981 முதல் நடக்கிற விழா, பார்க்கக் கட்டணம் கிடையாது. மாலையில் தொடங்கி இரவு வரை குழு மாறி குழு ஆடிக்கொண்டே இருக்கும். முதல் நாள் இரவு நான்கு கால பூஜைக்கு வரும் கூட்டமும் நாட்டியம் பார்க்க வரும் கூட்டமும் ஒன்றாகச் சேரும். பஸ்ஸில் நிற்க இடமிருக்காது, லாட்ஜில் வாடகை ஏறிவிடும், பெரியவங்களை வைத்துக்கொண்டு அந்த நெரிசலில் அலைய முடியாது. மூன்றாம் நாளோ நான்காம் நாளோ போனால் அதே மேடையை முன்வரிசை அருகில் உட்கார்ந்து பார்க்கலாம். மேடை கோயிலுக்குள்ளா வெளியே வீதியிலா என்பது எல்லா வருடமும் ஒரே மாதிரி இருந்ததில்லை. ஊரில் இறங்கியதுமே கேட்டுக்கொள்ளுங்கள்.

இன்னொரு கணக்கும் இருக்கு. சிவராத்திரியை ஒட்டி அமாவாசை, அது கழிந்தால் வளர்பிறை முகூர்த்தங்கள் தொடங்கும். கும்பகோணத்தில் அறை கிடைக்காமல் போவதற்கு விழாவை விடக் கல்யாணம்தான் பெரிய காரணம். மண்டபம் எடுப்பவர்கள் பக்கத்து லாட்ஜையும் மொத்தமாக எடுத்துவிடுவார்கள். தினசரி காலண்டரில் முகூர்த்த நாள் பார்த்துவிட்டு அதற்கு முந்தின நாள், அன்றைய நாள் இரண்டையும் தவிர்த்து அறை போடுங்கள். சனி, ஞாயிறு நவக்கிரகக் கோயில் சுற்றுபவர்களால் நிரம்பும். செவ்வாய் முதல் வியாழன் வரை என்றால் அறை சுலபம். பையனுக்கு இரண்டு மூன்று நாள் லீவு போட முடியுமானால் அதுவே பெரிய மிச்சம். மாசி மகத்தன்று மட்டும் கும்பகோணத்தில் தங்க நினைக்காதீங்க, மகாமகக் குளத்துத் தீர்த்தவாரிக்கு ஊரே திரளும். 2028இல் வருவது பன்னிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை வரும் மகாமகமே, அந்த மாசியில் இந்தத் திட்டம் எடுபடாது.

தங்குவது: முதல் இரவு சிதம்பரம், இரண்டாம் இரவு கும்பகோணம். மூன்றாம் இரவு ரயிலில். கும்பகோணத்தில் தங்கிக்கொண்டு நாட்டியாஞ்சலிக்குப் போய்வரலாம் என்று சிலர் சொல்வார்கள். அது 70 கிலோமீட்டர், இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆகும். நிகழ்ச்சி சூடுபிடிக்கிற எட்டரை மணிக்குப் பஸ் நேரம் பார்த்து எழுந்துவர வேண்டியிருக்கும். சிதம்பரத்தில் அறை கிடைக்கவில்லை என்றால் மயிலாடுதுறையில் போடுங்கள், ஒரு மணி நேரத் தூரம். மாயூரநாதர் கோயிலிலும் இதே சமயம் நாட்டியாஞ்சலி நடக்கும், கூட்டமும் குறைவு.

மெயின்லைன் பயணி

ரயில்தான், சந்தேகமே வேண்டாம். விழுப்புரம், கடலூர், சிதம்பரம், மயிலாடுதுறை, கும்பகோணம், தஞ்சாவூர் என்று உங்கள் மூன்று ஊரும் ஒரே தடத்தில் இருக்கின்றன.

போகும்போது பகல் வண்டி சோழன் எக்ஸ்பிரஸ். பல்லாவரத்துக்குத் தாம்பரம்தான் பக்கம், அங்கேயே ஏறலாம். மதியத்துக்குள் சிதம்பரம். போகும்போதும் ராத்திரி வண்டி பிடித்தால் ஒரு நாள் மிச்சம் என்று தோன்றும். ஆனால் விடியும் முன் இறங்குவீர்கள். பல லாட்ஜில் 24 மணி நேரக் கணக்கு, காலை 5 மணிக்குச் சாவி வாங்கினால் மறுநாள் 5 மணிக்கே காலி செய்யணும், இல்லையென்றால் அரை நாள் வாடகை கூடும். மதியம் அறை எடுத்தால் மறுநாள் மதியம் வரை நிம்மதி. திரும்பும்போது தஞ்சாவூரிலிருந்து உழவன் எக்ஸ்பிரஸ், ராத்திரி வண்டி, விடியற்காலை தாம்பரம்.

முன்பதிவு பயண நாளைச் சேர்க்காமல் 60 நாளுக்கு முன் காலை 8 மணிக்குத் திறக்கும். போகிற டிக்கெட்டும் திரும்புகிற டிக்கெட்டும் வேறு வேறு நாளில் திறக்கும் என்பதை மறந்துவிட்டு, இரண்டையும் சேர்த்துப் போடலாம் என்று காத்திருப்பவர்களுக்கு போகிற டிக்கெட் காத்திருப்போர் பட்டியலில் விழுந்துவிடும். ஐ.ஆர்.சி.டி.சி. கணக்கில் ஆதார் சரிபார்ப்பை இப்போதே முடித்து வையுங்கள். திறக்கிற காலையில் அது இல்லாமல் டிக்கெட் போட முடியாது.

உங்கள் அத்தைக்குக் கீழ்ப் படுக்கை கட்டாயம் வேண்டும் இல்லையா? அவங்க டிக்கெட்டைத் தனியாகப் போடுங்கள். கீழ்ப் படுக்கை ஒதுக்கீடு என்று தனிப் பிரிவு இருக்கிறது: 60 வயதுக்கு மேற்பட்ட ஆண், 45 வயதுக்கு மேற்பட்ட பெண், தனியாகவோ அப்படிப்பட்ட இருவராகவோ ஒரே டிக்கெட்டில் போனால்தான் செல்லும். நாலு பேரையும் ஒரே டிக்கெட்டில் போட்டால் அந்த ஒதுக்கீடு கிடைக்காது. பெட்டி மாறி விழுந்தால் உங்கள் கணவர் அந்தப் பெட்டிக்குப் போய்ப் பார்த்துக்கொள்ளலாம், அத்தை மேல் படுக்கைக்கு ஏறுவதைவிட அது மேல். மூத்த குடிமக்கள் கட்டணச் சலுகை 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்டது, அதைக் கணக்கில் சேர்க்க வேண்டாம். பையனுக்கு ஸ்லீப்பரில் படுக்கை வேண்டாம் என்றால் அரைக் கட்டணம். உட்காரும் வகுப்பில் அந்த வசதி இல்லை, முழுக் கட்டணம்தான்.

எழும்பூரில் கட்டுமான வேலை நடப்பதால் சில வண்டிகளின் புறப்படும் இடமும் நேரமும் மாறிக்கொண்டிருக்கின்றன. முதல் நாள் இரவு ஒருமுறை சரிபாருங்கள்.

அடுக்களை அரசி

சாப்பாட்டுக்கு நான்.

சிதம்பரத்தில் கேட்டுச் சாப்பிட வேண்டியது கொத்சு. கத்திரிக்காயைச் சுட்டோ நல்லெண்ணெயில் வதக்கியோ மசித்து, வறுத்து அரைத்த பொடியும் புளியும் சேர்த்து இறக்குவது. அதற்கு ஜோடி இட்லி மட்டும் இல்லை, சம்பா சாதம்: மிளகு, சீரகம், நெய் போட்டுக் கிளறிய சாதம், நடராஜர் கோயில் பிரசாதம். பல ஹோட்டல்களில் டிஃபன் சாம்பாரில் கத்திரிக்காயைப் போட்டு, கடலை மாவு கரைத்து ஊற்றிக் கொத்சு என்று கொடுத்துவிடுவார்கள். ஸ்பூனைத் தூக்கினால் தண்ணியாக வழிந்தால் அது கொத்சு இல்லை. வீட்டில் செய்து பார்க்க அளவு: கால் கிலோ பிஞ்சுக் கத்திரி, எலுமிச்சை அளவில் பாதிப் புளி, தனியா 2 ஸ்பூன், கடலைப் பருப்பு 1 ஸ்பூன், வரமிளகாய் 4. தனியா கருகினால் மொத்தமும் கசக்கும், அதனால் பருப்பும் மிளகாயும் சிவந்த பிறகு தனியாவைக் கடைசியாகப் போட்டு, வாசம் வந்ததும் இறக்குங்கள்.

கும்பகோணத்தில் கடப்பா. வேகவைத்த பாசிப்பருப்பும் உருளைக்கிழங்கும், தேங்காய், பச்சை மிளகாய், சோம்பு, கசகசா அரைத்து விட்டது. இட்லி தோசைக்குத் தொட்டுக்கொள்ள. எல்லா ஹோட்டலிலும் எல்லா நாளும் போடமாட்டார்கள். காலையில் காபி குடிக்கும்போதே “சாயங்காலம் கடப்பா உண்டா?” என்று கேட்டு வையுங்கள். நல்ல கடப்பாவில் எலுமிச்சைச் சாறு அடுப்பை அணைத்த பிறகுதான் விழும். கொதிக்கும்போது பிழிந்தால் கசப்பு ஏறும், ஒரு வாயிலேயே தெரிந்துவிடும்.

டிகிரி காபிக்கு பித்தளை டவராவைப் பார்த்து ஏமாறாதீங்க, நெடுஞ்சாலை முழுக்க அந்த டவரா இருக்கு. தண்ணீர் கலக்காத பசும்பால், அப்போது இறங்கிய டிகாக்‌ஷன், இரண்டும்தான் விஷயம். விடியற்காலையிலும் மாலை 4 மணி வாக்கிலும் புதுப்பால் காய்ச்சும்போது குடியுங்கள். காலையில் காய்ச்சிய பாலைப் பதினொரு மணிக்குத் திரும்பத் திரும்பச் சுடவைத்தால் ஆடை வாசம்தான் வரும்.

தஞ்சாவூர்ப் பக்கத்தில் அசோகா அல்வா: பாசிப்பருப்பு, சர்க்கரை, நெய். திருவையாற்றில் வாங்கினால் சூடாகக் கிடைக்கும். கோதுமை அல்வா மாதிரி இழுக்காது, வாயில் கரையும், அத்தைக்கும் சுலபம். ஊருக்கு எடுத்துவர கும்பகோணம் கொழுந்து வெற்றிலை. ஈரத்துணியில் சுற்றி வைத்தால் வாடாது, பிளாஸ்டிக் பையில் கட்டினால் மறுநாளே அழுகும்.

மீனுக்கு இந்த வழியில் தனியாக அலைய வேண்டாம். அது நாகூர், தரங்கம்பாடிப் பயணத்துக்கு உரியது.

குரோம்பேட்டை குமார்

ஒரு மாற்றுக் கருத்து. மூன்று ஊர் என்பது முட்டி வலி உள்ளவருக்கு அதிகம். தஞ்சாவூரை விட்டுவிட்டு சிதம்பரம், கும்பகோணத்தோடு நிறுத்தலாம். தாராசுரம் கும்பகோணத்திலிருந்து 4 கிலோமீட்டர்தான். பெரிய கோயிலைப் போலவே யுனெஸ்கோ பட்டியலில் இருக்கும் சோழர் கோயில், கூட்டம் பத்தில் ஒரு பங்குகூட இருக்காது, கல் வேலைப்பாடு கண் மட்டத்திலேயே இருக்கிறது. அண்ணாந்து பார்த்துக் கழுத்து வலிக்காது.

பல்லாவரம் வாணி

எல்லாருக்கும் நன்றி. குமார் சார் சொல்வது யோசிக்க வைக்கிறது, ஆனால் பையன் பெரிய கோயில் பார்க்கணும் என்று பிடிவாதமாக இருக்கான். இன்னும் மூன்று சந்தேகம். பிச்சாவரம் படகு அத்தைக்குச் சரிப்படுமா? கடைசி நாள் பைகளை எங்கே வைப்பது? நாட்டியாஞ்சலிக்குப் பதில் திருவையாறு தியாகராஜர் ஆராதனைக்குப் போனால் என்ன?

டெல்டா வாசி

ஆராதனை புஷ்ய பகுள பஞ்சமியில் (புஷ்ய மாதத் தேய்பிறை ஐந்தாம் நாள்) வரும், தேதி ஆண்டுக்கு ஆண்டு நகரும். 2025இல் ஜனவரி 18, 2026இல் ஜனவரி 7. பொங்கலை ஒட்டி விழுந்தால் ரயில் டிக்கெட் கனவுதான். போவதாக இருந்தால் தஞ்சாவூரில் தங்குங்கள், 13 கிலோமீட்டர். தியாகராஜரின் பஞ்சரத்னக் கீர்த்தனைகள் பாடும் நாள் தரையில் நெருக்கியடித்து உட்காரணும், அத்தைக்கு வேண்டாம். அதற்கு முந்தின நாட்களில் காலை முதல் இரவு வரை கச்சேரி நடக்கும், ஓரமாக உட்கார்ந்து கேட்கலாம். உங்கள் தேவைக்கு நாட்டியாஞ்சலியே பொருத்தம்.

பிச்சாவரம்: இரண்டாம் நாள் காலை 8 மணிக்கெல்லாம் படகுத்துறையில் இருங்கள். பத்து மணிக்கு மேல் வரிசையும் வெயிலும் சேர்ந்துவிடும். துடுப்புப் படகுதான் சுரபுன்னைக் காட்டின் குறுகிய வாய்க்கால்களுக்குள் போகும். மோட்டார் படகு அகலமான நீரில் சுற்றிவிட்டுத் திரும்பிவிடும். ஆனால் துடுப்புப் படகு தாழ்வானது, இறங்கும்போது ஆடும். அத்தைக்கு முழங்காலை மடக்கி உட்கார முடியாது என்றால் அவங்களைக் கரையில் நிழலில் உட்காரவைத்து ஒருவர் துணைக்கு இருங்கள், அல்லது எல்லாரும் மோட்டார் படகில் போங்கள். கட்டணம் படகுக்குத்தான். பையன் இலை ஒடிக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். சிதம்பரத்துக்குத் தில்லை என்று பெயர் கொடுத்த தில்லை மரம் அங்கே நிற்கிறது, அதன் பால் கண்ணில் பட்டால் பார்வைக்கே ஆபத்து.

நடை சாத்தும் நேரத்தில் ஊர் மாறுங்கள், அதுதான் இந்தப் பயணத்தின் சூட்சுமம். நண்பகல் வாக்கில் சாத்தினால் மாலை 4 மணிக்குத்தான் திறப்பார்கள், சிதம்பரத்தில் 5 மணி ஆகும். இரண்டாம் நாள் மதியம் சிதம்பரத்திலிருந்து கும்பகோணம். மூன்றாம் நாள் காலை தாராசுரம், மதியச் சாப்பாடு முடித்து இரண்டரைக்குத் தஞ்சாவூர் பஸ். 40 கிலோமீட்டர், அடிக்கடி வண்டி உண்டு. பெரிய கோயிலுக்கு நாலரைக்கு மேல் போங்கள். அதற்கு முன் தரைக்கல் வெறுங்காலில் சுடும். அத்தைக்குப் பையில் ஒரு ஜோடி சாக்ஸ் வையுங்கள்.

பைகளை முதலில் தஞ்சாவூர் ரயில் நிலைய கிளோக் ரூமில் போட்டுவிடுங்கள். டிக்கெட்டைக் காட்டணும், ஒவ்வொரு பையிலும் பூட்டு இருக்கணும். பூட்டில்லாத பையை வாங்கமாட்டார்கள், கட்டைப்பையும் செல்லாது.

செலவு என் கணிப்பில்: ரயில் 1,600, நாலு பேர் படுக்கும் அறை இரண்டு இரவுக்கு 3,600, சாப்பாடு ஆளுக்கு நாளைக்கு 400 வீதம் 4,800, பஸ்ஸும் ஆட்டோவும் 2,000, படகுக்கு 1,000. ஆக 13,000. மீதியை அல்வாவுக்கும் அவசரத்துக்கும் வையுங்கள். சாதாரணக் கட்டண டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு இலவசம், உங்களுக்கும் அத்தைக்கும் கட்டணம் கிடையாது, தாராசுரத்துக்கு அதிலேயே போகலாம். கும்பகோணம் – தஞ்சாவூர் புறநகர் பஸ்ஸில் எல்லாருக்கும் டிக்கெட் உண்டு.

மெயின்லைன் பயணி

கூடுதலாக ஒன்று. இரண்டாம் நாள் மதியம் சிதம்பரத்திலிருந்து கும்பகோணம் போக முன்பதிவில்லாத ரயில் நேரம் ஒத்துவந்தால் அதைப் பிடியுங்கள், பஸ்ஸின் குலுக்கல் முட்டிக்கு ஆகாது. ஒத்துவராவிட்டால் மயிலாடுதுறை வரை பஸ், அங்கிருந்து ரயில். மயிலாடுதுறையில் பஸ் நிலையமும் ரயில் நிலையமும் பக்கத்தில் இல்லை, ஆட்டோவுக்கு இருபது நிமிடம் ஒதுக்குங்கள்.