பார்க்கர் நெருங்கியது 61 லட்சம் கி.மீ.யா, 68 லட்சமா?

அல்சூர்வாசி:
பெங்களூரில் நாங்கள் சிலர் சூரிய ஆய்வு விண்கலங்களுக்கென்று தமிழில் ஒரு விக்கி தொடங்கி, மணல்தொட்டியில் (பழகிப் பார்க்கும் சோதனைப் பக்கத்தில்) எழுதிப் பார்த்துக்கொண்டிருக்கிறோம். 2024 டிசம்பர் 24-இல் நாசாவின் பார்க்கர் விண்கலம் சூரியனை நெருங்கிய தூரம் ஒரு செய்தியில் 61 லட்சம் கி.மீ., இன்னொன்றில் 68 லட்சத்துக்கும் மேல். எதைப் போடுவது? சூரியப் பிழம்பு (சூரியனில் திடீரென நிகழும் வெடிப்பு) பற்றிய செய்திகளில் தேதியும் ஒரு நாள் முன்பின்னாக வருகிறது.

கதிரொளி:
இரண்டும் சரிதான். 61 மேற்பரப்பிலிருந்து, 68 மையத்திலிருந்து. சூரியனின் ஆரம் ஏறக்குறைய 7 லட்சம் கி.மீ.; கூட்டிப் பாருங்கள், கணக்கு சரியாக வரும். தகவற்சட்டத்தில் (பக்கத்தின் ஓரத்தில் வரும் விவரப் பெட்டியில்) ‘மிகக் குறைந்த தூரம்’ என்று ஒரே கட்டம் இருந்தால், ஒருவர் 61 போடுவார், அடுத்தவர் ‘பிழைதிருத்தம்’ என்று 68 ஆக்குவார். இதற்கு முடிவே இருக்காது. மையத்துக்கு ஒன்று, மேற்பரப்புக்கு ஒன்று என அந்தப் பெட்டியின் மாதிரி வடிவமான வார்ப்புருவிலேயே இரண்டு கட்டம் வையுங்கள்.

எல்1_கண்:
தேதிக் குழப்பம் யூடிசியால், அதாவது உலகப் பொது நேரத்தால் வருவது. 2024 பிப்ரவரி 22-இல் வெடித்த எக்ஸ் 6.3 பிழம்பை (எக்ஸ் என்பது மிக வலிமையான வகை) இஸ்ரோவின் ஆதித்யா-எல்1 விண்கலத்திலுள்ள சூட் தொலைநோக்கி பதிவு செய்தது. அதன் உச்சம் யூடிசி 22:34. ஐந்தரை மணி நேரம் கூட்டினால் நமக்கு 23-ஆம் தேதி அதிகாலை 4:04. பக்கத்தில் யூடிசியையே எழுதி, இந்திய நேரத்தை அருகில் கொடுங்கள்.

இன்னொன்று, ஐரோப்பாவின் சோலார் ஆர்பிட்டர் விண்கலம் தரும் நேரத்தை அப்படியே ஒட்டாதீர்கள். அது சூரியனிலிருந்து 4.2 கோடி கி.மீ.யில் இருக்கும்போது நமக்கு ஆறு நிமிடம் முன்பே பிழம்பின் ஒளி அதற்குக் கிடைத்துவிடும். பூமிப் பக்கமே இருக்கும் ஆதித்யாவுக்கு வித்தியாசம் ஐந்து விநாடிதான்.

அல்சூர்வாசி:
நன்றி. ஆதித்யா பக்கத்தில் ‘எல்1 புள்ளியில் நிற்கிறது’ என்று இருக்கிறது. சரியா?

கதிரொளி:
இல்லைங்க, நிற்கவில்லை. சூரியனுக்கும் பூமிக்கும் இடையே நேர்கோட்டிலுள்ள அந்தப் புள்ளியைச் சுற்றி வருகிறது. ஒரு சுற்றுக்கு சுமார் 178 நாள். அந்த நேர்கோட்டிலேயே நிறுத்தினால் பூமியிலுள்ள ஆன்டெனாவுக்குப் பின்னணியில் சூரியனே இருக்கும்; அதன் ரேடியோ இரைச்சலில் சிக்னல் மூழ்கிவிடும். ஏவிய நாள் 2023 செப்டம்பர் 2, எல்1-ஐச் சுற்றும் அந்த ஒளிவட்டப் பாதையில் சேர்ந்த நாள் 2024 ஜனவரி 6. இரண்டுக்கும் தனித்தனிக் கட்டம் வேண்டும். ‘அண்மையில்’, ‘தற்போது’ என்ற சொற்கள் எங்கே இருந்தாலும் எடுத்துவிட்டு மாதமும் ஆண்டும் போடுங்கள். ஆறு மாதம் கழித்துப் படிப்பவருக்கு அதுதான் உதவும்.